கறுக்காத கரண்டி

செப்டம்பர் 2, ஞாயிறு

கிடைத்துவிட்டது. எழுதும்போதுகூட நம்ப முடியவில்லை.

காட்டேரி கிராமத்துப் பக்கம் ஒரு பழைய டீ எஸ்டேட் பங்களாவில் இன்று ஏலம். பியானோவையும் சோபாவையும் பார்க்க எல்லோரும் முன்ஹாலில் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். நான் நேராகப் பின்கட்டுக்கு, பாத்திரம் பண்டம் வைக்கும் அறைக்குப் போய்விட்டேன். பழைய மேஜைச் சாமான் சேர்க்கிற பதினெட்டு வருஷ அனுபவம் சும்மாவா? மேஜைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. திறந்தால் உள்ளே பச்சைக் கம்பளித் துணி, ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனிக் குழி. பன்னிரண்டு பேருக்கான முழு செட். முள்கரண்டி, கத்தி, மீனுக்கென்று தனிக் கத்தி, இனிப்புக்குச் சின்னக் கரண்டி, சூப்புக்கு வட்ட வாய்க் கரண்டி. ஒன்றுகூடக் குறையவில்லை. காம்பின் நுனியில் சிப்பி வேலைப்பாடு. நான் இத்தனை காலம் ஒற்றையும் இரட்டையுமாகப் பொறுக்கிக்கொண்டிருக்கும் அதே டிசைன்!

சுத்த வெள்ளி இல்லை. உள்ளே நிக்கல் கலவை, மேலே வெள்ளி முலாம். அதைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். அந்த சூப் கரண்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், என்ன கனம்! நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் இதைச் செய்துவிட்டு, கையில் தூக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டியிருப்பான். அவனுக்கு ஒரு கும்பிடு.

வீட்டுக்கு வந்து இவரிடம் காட்டினேன். என் வீட்டுக்காரர் தணிகாசலம் இருபத்தொன்பது வருஷம் டீ ருசி பார்த்தவர். ஏலத்துக்கு வரும் தேயிலையை ஒரு நாளைக்கு முந்நூறு கப் வரை கரண்டியால் உறிஞ்சிப் பார்த்துத் தரம் சொல்வது அவர் வேலை. ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருக்க, இந்த மார்ச்சில் அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கேட்டால், "போதும் மங்கை, நாக்கு களைச்சுப் போச்சு" என்றார். என் சாமான்களை ஏறெடுத்தும் பார்க்காதவர் இன்று சூப் கரண்டியை எடுத்து ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார்.

"நல்ல கனம்" என்றார்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் என் ரசனைக்குக் கிடைத்த முதல் சர்டிபிகேட்!

செப்டம்பர் 5, புதன்

மூன்று நாளாக சாக்பொடியும் மல்துணியுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்தேன். முலாமை அழுத்தித் தேய்த்தால் நிக்கல் பல்லைக் காட்டிவிடும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் செய்ய வேண்டும். முடித்ததும் பெட்டியில் அடுக்கினேன். சிப்பிப் பக்கம் மேலே, காம்பு ஜன்னல் பக்கம். எல்லாம் ஒரே திசை.

கேஸ் ஏஜென்சி பாரத்தை இவர் என்னிடம் தள்ளி, "நீயே எழுதிடு, என் கண்ணாடி சரியில்ல" என்றார். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறார். வீட்டில் சும்மா இருந்தால் ஆம்பிளைகளுக்குச் சோம்பல் ஏறிவிடுகிறது.

செப்டம்பர் 16, ஞாயிறு

பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

எங்கள் மகள் தாரிணி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் நந்தனைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். நல்ல பையன். இன்று அவன் அப்பா வைத்தியலிங்கமும் அம்மா பத்மாசினியும் முதல்முறையாக வீட்டுக்கு வந்தார்கள். இந்த மாதிரி வருகிறவர்கள் நம் வீட்டில் கை நனைத்தால்தான் சம்பந்தம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பெண்ணைப் பெற்றவனும் கூட உட்கார்ந்து சாப்பிட்டால்தான் இந்தப் பக்கமும் சம்மதம் என்று அர்த்தம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

இலை போட்டாயிற்று. இவர் என்ன செய்தார் தெரியுமா? "எனக்கு வயித்துல கேஸ். நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். காலையில் ஏழு இட்லி சாப்பிட்ட வயிறு! அதுவும் நான் குளிக்கப் போன நேரம் பார்த்து, தனியாக.

வைத்தியலிங்கம் ரயில்வேயில் இன்ஜினியராக இருந்தவர். அதிகம் பேசாத மனிதர். சாம்பார் சாதத்தோடு கை கழுவிவிட்டார். பாயசத்தைத் தொடவே இல்லை. தாரிணியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

செப்டம்பர் 17, திங்கள்

பேசவில்லை. சாப்பாட்டை மேஜையில் மூடி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 23, ஞாயிறு

தாரிணி போன் செய்து அழுதாள். "அப்பாக்குப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லிடச் சொல்லுமா. பொண்ணோட அப்பாக்கு இஷ்டமில்லாத எடத்துல நாம எதுக்குன்னு நந்தன் அப்பா கேக்குறாராம்."

இவரிடம் கேட்டேன். "பையன் தங்கமான பையன். யார் பிடிக்கலைன்னு சொன்னா?" என்கிறார். "அப்ப ஏன் உக்காரல?" என்றேன். எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

நான் முடிவு செய்துவிட்டேன். நவம்பர் 25 ஞாயிற்றுக்கிழமை அவர்களை மறுபடி சாப்பிடக் கூப்பிட்டாயிற்று. இந்த முறை இலை கிடையாது. சிப்பி செட் வெளியே வருகிறது. வெள்ளை மேஜைவிரிப்பு, கஞ்சி போட்ட நாப்கின், ஆறு பேருக்கு முழு அலங்காரம். பதினெட்டு வருஷமாகச் சேர்த்த எதிலும் நான் ஒரு தரம்கூடச் சாப்பாடு போட்டதில்லை. கீறல் விழுந்தால்? எலுமிச்சை பட்டால்? ஆனால் மகள் வாழ்க்கைக்கு இல்லாத வெள்ளி வேறு எதற்கு?

இன்னொரு முறை இவர் உட்காராமல் போனால் இந்தக் கல்யாணம் நடக்காது. அதை இவரிடமே சொன்னேன். "பாப்போம்" என்றார்.

அக்டோபர் 9, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. அப்பளம் நமத்துப்போச்சு.

அக்டோபர் 21, ஞாயிறு

இன்று ஒரு அதிசயம்.

ஒரு மாதத்துக்கும் மேலாக மரப்பெட்டியைத் திறக்கவில்லை. மழை ஈரம் உள்ளே போகக் கூடாதென்று மூடியே வைத்திருந்தேன். இன்று ஒத்திகை பார்க்கலாம் என்று திறந்தேன். கம்பளியில் ஈரம் ஏறி எல்லாம் மஞ்சள் பாய்ந்து, ஓரங்களில் கறுத்துக் கிடந்தன. ஒரு கத்தி தப்பவில்லை, ஒரு முள்கரண்டி தப்பவில்லை.

சூப் கரண்டி வரிசைக்கு வந்தேன். முதல் குழி கறுப்பு. இரண்டாவது கறுப்பு. மூன்றாவது குழியில் இருந்த கரண்டி மின்னியது. அப்படியே, நேற்றுக் கடையிலிருந்து வந்த மாதிரி. அடுத்து நாலாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மறுபடி கறுப்பு.

கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மேக மூட்டத்திலும் அதில் என் முகம் தெரிந்தது. ஒரே பெட்டி, ஒரே துணி, ஒரே ஈரம். இது மட்டும் ஏன் கறுக்கவில்லை? ஒருவேளை இது மட்டும் சுத்த வெள்ளியோ? அல்லது எந்தக் கைராசிக்காரனோ இதற்கு மட்டும் ஏழெட்டு பூச்சுப் பூசியிருக்கிறானோ?

"என்னங்க, இங்க வந்து பாருங்க!" என்று கத்தினேன். இவர் வந்தார். பார்த்தார். திரும்பிப் போய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டார். இந்த மனிதருக்கு ஆச்சரியப்படவே தெரியாது.

கரண்டியை ஹால் ஷோகேஸில் தனியாகப் பட்டுத்துணி விரித்து வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் கொத்தில்.

அக்டோபர் 23, செவ்வாய்

இவர் இரண்டு நாளாக ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பிடுகிறார். ரசம் வேண்டாமாம், மோர் வேண்டாமாம். மிளகு ரசம் என்றால் கிண்ணத்தில் வாங்கிக் குடிக்கிறவர். நான் கோயிலுக்கோ கடைக்கோ போய் வந்தால் சட்டி காலியாக இருக்கும். இப்போது வைத்தது வைத்தபடி இருக்கிறது.

அக்டோபர் 25, வியாழன்

"அந்த ஷோகேஸ் சாவி எங்க?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா எதுக்கு? தூசி தட்டப் போறீங்களா?"

போய்விட்டார். கன்னம் ஒட்டிப்போன மாதிரி இருக்கிறது. பிடிவாதம் பிடித்துப் பட்டினி கிடக்கிறாரோ? நவம்பர் 25க்கு இப்போதே ஒத்திகையா?

அக்டோபர் 27, சனி

ஊட்டிக்குப் பஸ்ஸில் போய் மீரான் பாய் கடையில் கரண்டியைக் காட்டினேன். பழைய முலாம் சாமான்களில் அவரை மிஞ்ச இந்த மலையில் ஆள் கிடையாது. பெருமையாகத்தான் நீட்டினேன். கறுத்த கரண்டி ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன்.

கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு இரண்டையும் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே பட்டறைம்மா. முத்திரை ஒண்ணு. பூச்சும் ஒண்ணுதான்."

"அப்ப இது ஏன் பாய் கறுக்கல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இத்தனை வருஷம் வாங்குகிறவள் இதைக் கேட்கிறாளே என்ற பார்வை.

"புழங்குற முலாம் கறுக்காதும்மா. தெனம் எடுத்துச் சாப்பிட்டு, கழுவி, ஈரம் போகத் தொடச்சு வச்சா அது பாட்டுக்குப் பளிச்சுன்னு இருக்கும். பூட்டி வச்சாத்தான் கறுக்கும். உங்க வீட்ல யாரோ இதுல சாப்பிடுறாங்க."

"எங்க வீட்ல நானும் அவரும்தான்" என்றேன்.

"அப்ப நீங்க இல்லன்னா அவருதான்" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என்னை எழுதச் சொன்ன பாரம், உட்காராத பந்தி, ரொட்டி, வாழைப்பழம். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. பெரிதாக ஒன்றும் இருக்காது.

அக்டோபர் 28, ஞாயிறு

காலையில் கரண்டியை மூன்றாவது குழியிலேயே வைத்தேன். அவர் காதில் விழும்படி, "ஷோகேஸ்ல வச்சா அழகாவே இல்ல, பெட்டியிலயே போட்டுட்டேன்" என்றேன். பதினொரு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் இருக்கும் சிநேகிதி நளினி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பித் தோட்டத்து வழியாக வந்து சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே, பூச்செடிக்குப் பின்னால் நின்றேன். தூறல். ஐம்பத்தாறு வயதில் சொந்த வீட்டில் திருடி மாதிரி.

அவர் சமையலறையிலிருந்து ரசக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். அப்படியும் தரையில் சிந்தியது. கிண்ணத்தை வைத்துவிட்டு, முட்டி போட்டுத் தரையைத் துடைத்தார். பிறகு தண்ணீர் டம்ளரை எடுத்தார். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். தண்ணீர் டம்ளருக்குள் குதித்தது. வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில்.

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்துகொண்டு நான் இதைப் பார்க்கவில்லை. கரண்டியின் ஒரு கீறலை ஜன்னல் வெளிச்சத்தில் கண்டுபிடிக்கிறவள் நான்.

அவர் பெட்டியைத் திறந்து மூன்றாவது குழியிலிருந்து கரண்டியை எடுத்தார். முழங்கையை மேஜையில் ஊன்றினார். அரைக் கரண்டி ரசம் மொண்டார். அந்தக் கனம் கையை அமுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. ஆட்டம் நிற்கவில்லை, ஆனால் அடங்கியது. கரண்டி மெதுவாக மேலே போயிற்று. உதட்டுக்குக் கிட்டே வந்ததும் டீ உறிஞ்சுகிற மாதிரி 'சர்ர்' என்று ஒரு இழுப்பு. ஒரு சொட்டு சிந்தவில்லை. கல்யாண வீடுகளில் இந்தச் சத்தத்துக்காக நான் இவர் தொடையில் கிள்ளாத நாள் கிடையாது. இன்று அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு கிண்ணம் ரசத்துக்கு இருபத்தைந்து நிமிஷம். முடித்துவிட்டுக் கரண்டியைக் கழுவினார். தன் வேட்டி நுனியால் இல்லை, என் மல்துணியால் துடைத்தார். பெட்டியில் வைத்தார். சிப்பிப் பக்கம் மேலே, காம்பு ஜன்னல் பக்கம். எட்டு வாரமாக இப்படித்தான் செய்திருக்கிறார். கறுத்த இன்னொன்றைத் தொட்டால் அதுவும் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்றோ என்னவோ, நான் பூட்டி வைத்த ஆறு நாளும் ரொட்டியும் பழமும்.

நனைந்துகொண்டே நின்றேன். அரை மணி கழித்து வாசல் பக்கம் போய் மணியை அடித்தேன்.

"குடை இருந்தும் நனைஞ்சிருக்கியே?" என்றார்.

"காத்து" என்றேன்.

அக்டோபர் 29, திங்கள்

இன்றிலிருந்து மூன்று வேளையும் சிப்பி செட்டில்தான் சாப்பாடு. விருந்துக்கு எனக்குப் பழக்கம் வர வேண்டும் என்று சொல்லி இரண்டு பேருக்கும் மேஜை போட்டேன். முள்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம் கூர்ப்பக்கம் உள்நோக்கி, அதற்கும் வெளியே சூப் கரண்டி. உப்புமாவுக்கா இதெல்லாம் என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் என் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஏழு மாதத்துக்குப் பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். இதையும் இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி. லேகியத்தையும் வெள்ளிக் கரண்டியில்தான் கொடுத்தேன்.

நவம்பர் 18, ஞாயிறு

மெனு எழுதினேன். கட்லெட், புலாவ், சாண்ட்விச், புட்டிங். ஒழுகிச் சிந்தாத பதார்த்தமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். இவர் வாங்கிப் படித்தார்.

"சூப் எங்க?"

"எதுக்கு சூப்? மதியச் சாப்பாடு. வயிறு ரொம்பிடும்."

"பன்னெண்டு சூப் கரண்டி வச்சிக்கிட்டு சூப் இல்லாம ஒரு டேபிளா?"

"வேணாங்க."

என் முகத்தையே பார்த்தார். நான் பென்சிலைச் சீவினேன். கூர்மையாகத்தான் இருந்தது.

"சூப் வை மங்கை" என்றார்.

நவம்பர் 24, சனி

தூக்கம் வரப்போவதில்லை. நாளைக்கு நாலு ஜோடிக் கண்கள் அவர் கையைப் பார்க்கும். வீட்டில் என்னோடு உட்காருவது வேறு, அது வேறு. காலையில் மறுபடி கேஸ் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? சொன்னால் சொல்லட்டும் என்றும் ஒரு மனசு. தாரிணியை நினைத்தால் கூடாது என்று இன்னொரு மனசு.

நவம்பர் 25, ஞாயிறு

எல்லாம் முடிந்தது. நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மேஜையைப் பார்த்து பத்மாசினி வாசலிலேயே நின்றுவிட்டார். "ஐயோ, தொடவே பயமா இருக்கே!" என்றார். வேறு நாளாக இருந்தால் இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் ஒரு மாதம் மிதந்திருப்பேன். இன்று என் கண் முழுக்க இவர் மேல். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வைத்தியலிங்கம் நாப்கினைத் தொடாமல் அவரையே பார்த்தார். தாரிணியும் நந்தனும் தலை குனிந்திருந்தார்கள்.

இவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

கேரட் சூப் பரிமாறினேன். இவர் கரண்டியை எடுத்தார். தனியாக இருக்கும்போது அடங்குகிற கை, ஆட்கள் முன்னால் அடங்கவில்லை. கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் பட்டு 'கிணிங்' என்றது. மறுபடி 'கிணிங் கிணிங்'. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆரஞ்சு நிறச் சொட்டு ஒன்று என் வெள்ளை விரிப்பில் விழுந்தது. நான் எதையாவது உளறி மறைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் இடது கையால் என்னை அமர்த்தினார்.

"இதான் சார் விஷயம்" என்றார் வைத்தியலிங்கத்திடம். "கை நடுக்கம். பிப்ரவரியில கோயம்புத்தூர்ல நரம்பு டாக்டர்கிட்ட காட்டினேன். உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா முழுசாப் போகாதுன்னுட்டார். டேஸ்டிங் ரூம்ல கரண்டி கப்புல பட்டு இப்படித்தான் சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. பசங்க திரும்பிப் பாத்தாங்க. அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். நீங்க போன தடவை வந்தப்ப, இலையில சோத்த எறைச்சு உங்க முன்னாடி அசிங்கப்படக் கூடாதுன்னு தோட்டத்துக்குப் போயிட்டேன். பையன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. என் பொண்ணுக்கு இவனைவிட நல்லவன் கிடைக்கமாட்டான்."

இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்? கோயம்புத்தூருக்கு ஏதோ கிரகப்பிரவேசம் என்றல்லவா போனார்! இருபத்தொன்பது வருஷத் தொழிலை ஒரு சத்தத்துக்காக விட்டுவிட்டு வந்தவர், அதே சத்தத்தை ஐந்து பேர் கேட்க எழுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பிரமித்துப்போய்ப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக எவ்வளவோ பொருள்களைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். ஒரு மனுஷனைப் பார்த்து இன்றுதான்.

தாரிணி எழுந்து அவர் பக்கம் வந்தாள். "உக்காரு, சூப் ஆறிடும்" என்றார்.

வைத்தியலிங்கம் நாப்கினை எடுத்து மடியில் விரித்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு மாசமா நான் உங்களை மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருக்கேன் சார்."

"திட்டியிருப்பீங்க. நானா இருந்தாலும் திட்டுவேன்."

"மெதுவாச் சாப்பிடுங்க. எங்களுக்கு மூணரை மணிக்குத்தான் கார்."

இவர் முழங்கையை மேஜையில் ஊன்றினார். கரண்டி மேலே போயிற்று. 'சர்ர்.' கிண்ணத்தை முடிக்க அரை மணி ஆனது. அதுவரை யாரும் புலாவுக்கு அவசரப்படவில்லை. வைத்தியலிங்கம் புட்டிங்கை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தை மாதத்தில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாசலில் கார் மறைந்ததும் மேஜைக்குத் திரும்பினேன். விரிப்பெல்லாம் ஆரஞ்சுப் புள்ளிகள். எல்லோர் தட்டிலும் கரண்டிகள் எச்சிலாகக் கிடந்தன. கட்லெட்டுக்கு வைத்த எலுமிச்சைத் துண்டுகள் முள்கரண்டிகள் மேலேயே கிடந்தன.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"நளினி வீட்டுக்குப் போனேனே, அன்னிக்கு."

"அன்னிக்கு நீ எந்த நளினி வீட்டுக்குப் போன?"

"நம்ம ஜன்னலுக்கு."

சிரித்தார். வலது கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோகப் பார்த்தார். நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை சூடாக இருந்தது. அந்த நடுக்கம் என் விரல்களுக்குள் வந்தது, மணிக்கட்டு வரைக்கும் வந்தது. நான் அழுத்தவில்லை, நிறுத்தப் பார்க்கவில்லை.

"விடு. எலுமிச்சை பட்டிருக்கு. முலாம் போயிடும்னு நீதான் சொல்லுவ. போய்க் கழுவு" என்றார்.

"கிடக்கட்டும்" என்றேன்.